லெ த்ரேன் ப்ளூ

பாரிஸ் நகரின் 12-ஆம் வட்டாரத்தில் உள்ள லியோன் ரயில் நிலையத்தின் (கார் த லியோன்) மாடியில் இயங்கும் உணவகம். 1901-இல் ரயில் கம்பெனியின் சிற்றுண்டிச்சாலையாகத் திறக்கப்பட்டது. 1972 முதல் பிரெஞ்சு அரசின் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னம்.

பாரிஸிலிருந்து தெற்கே மத்தியதரைக் கடல்வரை ரயில் ஓட்டிய பி.எல்.எம். (பாரிஸ்–லியோன்–மத்தியதரைக் கடல்) கம்பெனி, 1900-ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சியை முன்னிட்டுத் தன் பழைய நிலையத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட முடிவு செய்தது. அந்தப் பொறுப்பு மாரியுஸ் தூதுவார் என்ற கட்டடக் கலைஞரிடம் வந்தது. உணவகம் கண்காட்சிக்குத் தயாராகவில்லை. கண்காட்சி முடிந்து மாதங்கள் கழித்து, 1901 ஏப்ரல் 7 அன்று குடியரசுத் தலைவர் எமில் லூபே அதைத் திறந்துவைத்தார். அப்போது அதற்குத் தனிப்பெயர் இல்லை. ‘லியோன் நிலையச் சிற்றுண்டிச்சாலை’ என்றே அழைத்தார்கள்.

பெயர் எளிமையாக இருந்தாலும் உள்ளே எளிமைக்கு இடமில்லை. பொன்முலாம் பூசிய சுதைச் சிற்பங்கள், சரவிளக்குகள், சுவரிலும் கூரையிலுமாக 41 ஓவியங்கள் என்று நிறைந்திருக்கிறது. இந்த ஓவியங்களை அலங்காரம் என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். பெரும்பாலானவை அந்தக் கம்பெனியின் ரயில் போய்ச் சேரும் ஊர்கள், மலைகள், கடற்கரைகள். பெரிய கூடத்தின் கூரையில் பாரிஸ், லியோன், மார்சேய் ஆகிய மூன்று நகரங்கள். அதாவது கம்பெனியின் பெயரையே படமாக வரைந்து தலைக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். மார்சேயில் கப்பலேறினால் வட ஆப்பிரிக்கா என்பதால், அன்று பிரான்சின் பிடியில் இருந்த அல்ஜீரியா, துனீசியா நாடுகளின் பெயரிலும் அறைகள் உண்டு. ஆல்பேர் மெஞ்ஞான் வரைந்த ஒராஞ்சு நகரத்து ரோமானிய அரங்கின் ஓவியத்தில் நடிகை சாரா பெர்னாரும் நாடகாசிரியர் எத்மோன் ரொஸ்தானும் பார்வையாளர்களாக அமர்ந்திருக்கிறார்கள். கூடவே கம்பெனியின் தலைவர் ஸ்தெஃபான் தெர்வியேயும்! பணம் போட்டவர் படத்தில் இடம்பிடிப்பது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம்தான்.

1938-இல் தனியார் ரயில் கம்பெனிகள் ஒன்றிணைக்கப்பட்டு எஸ்.என்.சி.எஃப். என்ற தேசிய ரயில் நிறுவனம் உருவானபோது பி.எல்.எம். மறைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தகைய அலங்காரத்துக்கு மதிப்பும் குறைந்தது. 1900-ஆம் ஆண்டுப் பாணியை மிகை என்று ஒதுக்கிய காலம் அது. உணவகத்தை இடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. அறுபதுகளில் பண்பாட்டு அமைச்சராக இருந்த எழுத்தாளர் ஆந்த்ரே மால்ரோ தலையிட்டதால் அது தப்பியது. 1972 செப்டம்பரில் கூடங்களுக்கும் அறைகலன்களுக்கும் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. 2014-இல் ஓவியங்களும் பொன்வேலையும் விரிவாகச் செப்பனிடப்பட்டன.

இன்றைய பெயர் வந்தது 1963-இல். கலே துறைமுகத்தில் இங்கிலாந்துப் பயணிகளை ஏற்றி, பாரிஸைச் சுற்றிக்கொண்டு லியோன் நிலையம் வந்து, அங்கிருந்து நீஸ் நோக்கி இரவோடு இரவாக ஓடிய சொகுசு ரயிலின் பெயர் அது. 1922-இல் அதற்கு நீல நிற உலோகப் படுக்கைப் பெட்டிகள் வந்ததும் எல்லோரும் ‘நீல ரயில்’ (பிரெஞ்சில் ‘லெ த்ரேன் ப்ளூ’) என்றே சொல்லத் தொடங்கினர். 1924-இல் தியாகிலெவின் பாலே குழு அதே பெயரில் ஒரு நாட்டியத்தை அரங்கேற்றியது; 1928-இல் அகதா கிறிஸ்டி அந்த ரயிலில் ஒரு கொலையை நிகழ்த்தி நாவல் எழுதினார்.

1981-இல் அதிவேக ரயில் லியோனுக்கு ஓடத் தொடங்கியபின், தெற்கே போகிறவர்கள் புறப்படுமுன் நிதானமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டிய தேவை குறைந்தது. உணவகம் நிலைத்ததற்குக் காரணம் ரயில் அல்ல, அந்தக் கூரைதான் என்று சொல்லலாம். லுக் பெசோனின் ‘நிக்கிதா’ (1990) படத்தில் துப்பாக்கிச் சண்டை நடப்பது இங்கேதான். தள்ளுவண்டியில் கொண்டுவந்து மேசைக்கு அருகே அரிந்து பரிமாறும் ஆட்டுத்தொடை வறுவலும், ரம்மில் ஊறிய ‘பாபா’ கேக்கும் இங்கே பேர்போனவை. விலை அதிகம், சாப்பாட்டை மட்டும் கருதி வருகிறவருக்குப் பாரிஸில் வேறு நல்ல இடங்கள் பல உண்டு. ஓவியங்களைக் காண விரும்புகிறவர் மதுக்கூடப் பகுதியில் ஒரு காப்பியோடு உட்காரலாம். அதற்கு ரயில் டிக்கெட் தேவையில்லை.