தாழையூத்துக் கல்

கல்லைக் கண்டால் கைகூப்பும் நாட்டிலே, கல்லைச் சுட்டுச் செல்வமாக்கிய வரலாறும் ஒன்று உண்டு. திருநெல்வேலி டவுணுக்கு வடக்கே, மதுரைச் சாலையிலுள்ள தாழையூத்தின் வரலாறு அது.

சுண்ணாம்புக்கல்லைச் சூளையிலிட்டுச் சுவரெழுப்பும் கலையை நம் முன்னோர் அறிவர். ஆயினும், அக்கல்லோடு களிமண் கூட்டிச் சுட்டால் நீரிலும் இறுகும் பொருள் பிறக்கும் என்னும் அறிவு, சோதனையால் வளர்ந்தது. 1824-இல் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்ற ஜோசப் ஆஸ்ப்டின், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார். மந்திரம் ஓதியவரல்லர், செங்கல் அடுக்கியவர்! இன்று ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்தில் சுட்டு, ஜிப்சம் சேர்த்து அரைக்கிறார்கள்.

1904-இல் சென்னையில் கிளிஞ்சலைக் கொண்டு சிமெண்ட் செய்ய முயன்றனர், அம்முயற்சி நிலைக்கவில்லை. 1946-இல் கல்லிடைக்குறிச்சி சங்கரலிங்க ஐயரும் டி.எஸ். நாராயணசுவாமியும் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். 1949-இல் தாழையூத்தில் ஆலை இயங்கத் தொடங்கிற்று. ஆலையைச் சூழ்ந்த ஊர் சங்கர்நகர் எனப் பெயர் பெற்றது. 1963-இல் சங்ககிரியிலும் ஓர் ஆலை எழுந்தது.

பணத்தைப் பெட்டியில் பூட்டாமல், வேள்வித் தீயிலே வீணாக்காமல், தொழிலில் இட்ட துணிவைப் பாராட்டுவோம். ஆனால், பாராட்டு அத்தோடு நின்றால் அது பாதி வரலாறு. முதல் போட்டவர் பெயர் ஊருக்கே பெயராயிற்று. பாறை பிளந்தவன், சூளை வெப்பத்தில் வெந்தவன், தூசியில் மூட்டை சுமந்தவன், இவர்கள் பெயர் எந்தப் பலகையிலே?

2024 டிசம்பரில் அந்நிறுவனம், மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட அல்ட்ராடெக்கின் துணை நிறுவனமாயிற்று. பங்குகள் ஊர்விட்டு ஊர் போகலாம். தோண்டிய பள்ளம் போகாது. வெட்டிய சுண்ணாம்புக்கல் மீண்டும் முளைக்காது. அது ஒரு டன் சுடப்பட்டால் ஏறத்தாழ 440 கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கும். இலாபம் பங்குதாரருக்கு, பள்ளமும் புகையும் ஊருக்கு என்பதுதான் கணக்கா?

இளைஞர்களே, எண்ணிப் பாருங்கள்! கல் தீர்வதற்குள் அம்மண்ணின் மக்களுக்கு மிஞ்சப்போவது என்ன? வேதியியலும் பொறியியலும் கற்ற பிள்ளைகள் மிஞ்ச வேண்டும். கல்லுடைத்தவன் பேத்தி, கல்லை ஆயும் கூடத்திலே தலைமை ஏற்க வேண்டும். காலமெல்லாம் கிடந்த கல்லைச் செல்வமாக்கியது அறிவு. அந்த அறிவு சிலர் கையில் இருந்ததால் செல்வமும் சிலர் கையில் சேர்ந்தது. அறிவைப் பொதுவாக்குவோம், அதன் பயனும் பொதுவாகும்!