கல் ஊர் மாறிய கதை



சுவிட்சர்லாந்தில் 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோத்தார்டு ரயில் சுரங்கம் 2016-இல் திறக்கப்பட்டது. மலையைக் குடைந்தபோது வெளிவந்த பாறையில் ஒரு பகுதியை ஜல்லியாக உடைத்து, அதே சுரங்கத்தின் கான்கிரீட்டில் சேர்த்தார்கள். தோண்டிய கல்லை வீணாக்காத நல்ல யோசனை.

எடுத்த கல்லை வேறிடத்தில் நிறுத்துவது நம் ஊருக்கும் பழக்கம்தான். ஆனால் இங்கே அதைச் செய்தது போர்.

சென்னைக் கோட்டையில் 1732-இல் கருங்கல் தூண்களோடு ஒரு நடைமண்டபம் கட்டினார்கள். 1746-இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அந்தத் தூண்களைப் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தார்கள். 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. ஆங்கிலேயர் நம் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். தூண்களை மட்டும் பத்திரமாகத் திருப்பி எடுத்துப் போனார்கள். அவற்றில் சில இன்றும் சென்னைத் தலைமைச் செயலகக் கட்டடத்தில் நிற்கின்றன.

அவர்கள் கல் அவர்களிடம் போய்விட்டது. நம் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் சிற்பத் தூண்களோ செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்தவை. அவை திரும்பவே இல்லை. நாம் நின்று படமெடுக்கும் அழகு, செஞ்சி இழந்தது.

இன்று படையெடுப்பு இல்லை. பழைய வீடுகளை நாமே இடிக்கிறோம். இடிபாடுகளை லாரியில் ஏற்றுமுன், வாசல் தூணையும் நல்ல செங்கல்லையும் புதுவீட்டில் சேர்க்க முடியுமா என்று கொத்தனாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சொந்தக் கல்லை வைத்துக்கொள்ள யாரிடமும் சண்டை போட வேண்டியதில்லை.