கல்லீரலுக்கு ஒரு டயாலிசிஸ் மெஷின் தேடிய கதை

எங்கள் வன்னியம்பட்டிப் பக்கம் மஞ்சள் காமாலை என்றால் முதலில் கீழாநெல்லியைத்தான் தேடுவார்கள். கல்லீரலே செயலிழந்து, மாற்று அறுவைக்குக் காத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டால் அடுத்த கேள்வி இதுதான்: "கிட்னிக்கு டயாலிசிஸ் இருக்கே, கல்லீரலுக்கு அது மாதிரி மெஷின் கிடையாதா?"

நியாயமான கேள்வி. டாக்டர்களும் இதற்குத்தான் எழுபது ஆண்டுகளாகப் பதில் தேடுகிறார்கள்!

1943-இல் நெதர்லாந்தில் கோல்ஃப் என்பவர் செயற்கைச் சிறுநீரகத்தைப் பயன்படுத்திக் காட்டினார். 1950-களில் அதையே கல்லீரல் நோயாளிகளுக்கும் வைத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் அம்மோனியா குறைந்தது, சிலருக்கு நினைவும் தெளிந்தது. ஆனால் நிலைக்கவில்லை.

ஏன்? கல்லீரல் அகற்றும் நச்சுகளில் பல, ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பவை. சாதாரண டயாலிசிஸில் அவை வெளியே வராது. தவிர, கல்லீரல் வெறும் வடிகட்டி இல்லை. இரத்தம் உறையத் தேவையான புரதங்களைச் செய்யும் தொழிற்சாலையும் அதுதான்.

1970-களில் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் இரத்தத்தைக் கரி வழியாகச் செலுத்திப் பார்த்தார்கள். நம்பிக்கை பிறந்தது. 1988-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு, அதனால் பிழைப்பவர்கள் கூடவில்லை என்றது. 1990-களில் ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரில் 'மார்ஸ்' வந்தது. சவ்வின் ஒரு பக்கம் நோயாளியின் இரத்தம், மறுபக்கம் ஆல்புமின் கரைசல். ஒட்டியிருக்கும் நச்சு அந்தப் பக்கம் தாவிவிடும். அருமையான யோசனை! ஆனால் நாள்பட்ட நோய் திடீரென முற்றியவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில் (2013) இதுவும் உயிரிழப்பைக் குறைக்கவில்லை.

கடைசியில் ஓரளவு கைகொடுத்தது எளிய வழிதான்: நோயாளியின் பிளாஸ்மாவை எடுத்துவிட்டு, தானமாகக் கிடைத்த பிளாஸ்மாவை ஏற்றுவது. திடீர்க் கல்லீரல் செயலிழப்பில் இது பலன் தருவதாக 2016-இல் ஓர் ஐரோப்பிய ஆய்வு காட்டியது. நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலும், எலி மருந்தால் கல்லீரல் கெட்டவர்களுக்குக் குறைந்த அளவில் பிளாஸ்மா மாற்றிச் சிகிச்சை தருகிறார்கள்.

ஆனாலும் இவை எல்லாமே பாலம்தான். சிலருக்கு அந்த இடைவெளியில் சொந்தக் கல்லீரலே தேறிவிடும். மற்றவர்களுக்கு அக்கரையில் ஒரு கொடையாளர் வேண்டும். 1998-இல் டெல்லியில் காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்று பிழைத்தது, அப்பா தன் கல்லீரலில் ஒரு பகுதியைத் தந்ததால். தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புதானத் திட்டம் 2008-இல் வந்தது. 2009-இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே கல்லீரல் மாற்று அறுவை நடந்தது.

எனவே நண்பர்களே, காமாலை வந்தவர் உளறினாலோ, பகலிலும் தூங்கி வழிந்தாலோ கீழாநெல்லியோடு நாளைக் கடத்தாதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பாலம் இருந்தாலும் அதில் நிற்க முடிவது சில நாட்கள்தான்.