சீனியும் தகரமும்: பிறந்தநாள் கேக்கின் சரித்திரம்

உண்ணும் பண்டத்திற்கும் சரித்திரம் உண்டு. அரசர்கள் முடிசூடியதும் படைகள் மோதியதும் மட்டுமே சரித்திரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்து வந்த நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால், அரசர் வாழ்வை விடச் சாமானியர் வாழ்வை அறிய அடுப்பங்கரையே நல்ல ஏடு.

பினாங்கு நகரிலும் அக்கரைத் தோட்டங்களிலும் குழந்தைகளின் பிறந்தநாளுக்குக் 'கப் கேக்கு' என்னும் சிறு கேக்குகளைப் பூனை முகமாகவும் பூவாகவும் அலங்கரித்து வைப்பது இன்று வழக்கமாகியிருக்கிறது. "இது வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கெதற்கு?" என்கின்றனர் பெரியவர் சிலர். நேற்றுக் கடையில் தோன்றிய புதுமை என்று மகிழ்கின்றனர் இளைஞர் சிலர். இரு சாராரும் சரித்திரத்தைப் பாராமல் பேசுகின்றனர் என்பதே நமது கருத்து. அந்தச் சிறு கேக்கில் கரையும் சீனியிலும், அதைக் காக்கும் தகரப் பெட்டியிலும் இந்த மண்ணின் உழைப்பு அடங்கியிருக்கிறது. சீனியில் அடங்கியிருப்பது தமிழன் உழைப்பு.

முதலில் பெயரைப் பார்ப்போம். 1796இல் அமெரிக்காவில் அமீலியா சிம்மன்ஸ் என்னும் பெண்மணி வெளியிட்ட சமையல் நூலில், சிறு கோப்பைகளில் வார்த்துச் சுடும் கேக்கு ஒன்று கூறப்பட்டிருக்கிறது. 1828இல் எலைசா லெஸ்லி என்பார் தமது நூலில் 'கப் கேக்கு' என்ற பெயரையே வழங்கினார். கோப்பையில் சுட்டதாலும் அப்பெயர் பொருந்தும்; மாவையும் சீனியையும் தராசில் நிறுக்காமல் கோப்பையால் அளந்ததாலும் பொருந்தும். பிறகு 1843இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆல்பிரட் பேர்டு என்பவர், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக ரொட்டிமாவை உப்பச் செய்யும் பொடி ஒன்றைக் கண்டுபிடித்தார். முட்டையை நெடுநேரம் அடித்துக் கை சோர்ந்த பெண்களுக்கு அப்பொடி பெரிய விடுதலையாயிற்று.

ஆயினும், சிறு அச்சில் விதவித உருவமாகச் சுட்டு, விழாவுக்கு முன்பே சேமித்து வைக்கும் கலை மேனாட்டுக்கு மட்டும் உரியதன்று. மலாய் வீடுகளின் 'பாஹுலு' என்ன? முட்டை, சீனி, மாவு மூன்றே சரக்கு. பித்தளை அச்சில் வார்த்து, கீழும் மேலும் கரிநெருப்பிட்டுச் சுடுகிறார்கள். அச்சிலே பூவும் உண்டு, மீனும் உண்டு. நோன்புப் பெருநாளுக்கு முன்னரே சுட்டுத் தகரத்தில் அடைத்துவிடுவார்கள். 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்ச்சுகீசியரின் 'போலு' என்னும் சொல்லிலிருந்தே இப்பெயர் வந்தது என்பர். அதே போர்ச்சுகீசியரிடம் கற்ற கேக்கை ஜப்பானின் நாகசாகி மக்கள் 'கஸ்டெரா' என்று தமதாக்கிக் கொண்டனர். பினாங்குச் சீனரோ பிறந்தநாளுக்கும் கோயில் விழாவுக்கும் ஆமை வடிவில் சிவந்த 'மீ கூ' ரொட்டி செய்கின்றனர். ஆமை நீண்ட ஆயுளுக்கு அடையாளம்.

தமிழர் நாமும் இதில் பின்தங்கியவரல்லர். அதிரசமும் முறுக்கும் பொரிவிளங்காய் உருண்டையும் முன்கூட்டியே செய்து வைக்கும் பண்டங்களே. பாகு பதம் தவறினால் அதிரசம் கெடும் என்று நம் பாட்டிமார் சொன்னது வெறும் நம்பிக்கையன்று. பூஞ்சைக்கு வேண்டியது ஈரம். சீனியும் வெல்லமும் அந்த ஈரத்தைத் தம்மோடு பிணைத்துக் கொள்கின்றன. பூஞ்சைக்கு அது கிட்டுவதில்லை. ஆகவே, இனிப்பு நாவுக்கு விருந்தாவதோடு பண்டத்திற்குக் காவலுமாகிறது.

நிற்க. அந்தச் சீனி எங்கிருந்து வந்தது?

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான வெல்லெஸ்லி மாகாணம், அதாவது இன்றைய செபராங் பிறை, 1800இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அங்கே பத்து காவான் பகுதியில் முதலில் கரும்பு பயிரிட்டவர் சீனர். 1840களில் ஐரோப்பியர் நுழைந்து பெருந்தோட்டங்கள் போட்டனர். அம்மாகாணத்தில் கரும்புத் தொழிலில் ஈடுபட்டிருந்த லெனார்ட் ரே என்பவர் 1848இல் கரும்புச் சாகுபடியைப் பற்றி லண்டனில் ஒரு நூலே வெளியிட்டார். கரும்பை வெட்டியவர்கள் நூல் எழுதவில்லை. அவர்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்த தமிழர்கள். சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டினார்கள், கரும்பைச் சுமந்தார்கள், ஆலையில் கொதிக்கும் சாற்றின் முன் நின்றார்கள். காய்ச்சலுக்கும் பட்டினிக்கும் இரையானோர் பலர். நிபோங் திபாலை அடுத்த கலிடோனியா முதலிய தோட்டங்களின் செல்வம் இவ்வாறு சேர்ந்ததே. இந்த ஒப்பந்த முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. அதே காலத்தில் கரும்பும் மறைந்து, அந்நிலங்களை ரப்பர் பிடித்துக் கொண்டது.

ஊரார் வாய் இனிக்க உழைத்தவன் வீட்டில் இனிப்பு அரிதாயிருந்தது. இதை நாம் மறக்கலாமா?

இனித் தகரத்தைப் பார்ப்போம். இங்கிலாந்தின் ரெடிங் நகரில் 1822இல் ஜோசப் ஹண்ட்லி ஒரு பிஸ்கட் கடை தொடங்கினார். வண்டிப் பயணத்தில் பிஸ்கட் உடையாமலும் நமுத்துப் போகாமலும் இருக்க, அவருடைய மகன் தகரப் பெட்டிகள் செய்து கொடுத்தார். தகரம் என்பது இரும்புத் தகட்டின்மேல் பூசிய வெள்ளீயமேயன்றி வேறில்லை. அவ்வீயத்தைப் பேராக்கின் ஈயலம்பங்களில் சீனத் தொழிலாளர் தோண்டினர். பினாங்குத் துறைமுகத்தின் வழியே அது உலகெங்கும் சென்றது. இந்நகரின் டத்தோ கிராமாட்டில் ஈயம் உருக்கும் ஆலை நெடுங்காலம் நடந்தது. ஆகவே, சீமையிலிருந்து வந்த பிஸ்கட் தகரத்தை நம் தாய்மார் கழுவி முறுக்குப் போட்டு வைத்தபோது, இந்நாட்டு ஈயம் சுற்றிக்கொண்டு வீடு திரும்பியது என்றாலும் பிழையில்லை.

1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைப் பிடித்தனர். 1945 வரை அரிசிக்கும் சீனிக்கும் பஞ்சம். மரவள்ளிக் கிழங்கே சோறாகவும் பலகாரமாகவும் ஆயிற்று. தோட்டத்து ஆண்கள் பலர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பவேயில்லை. தகரப் பெட்டிகள் வெறுமையாய்க் கிடந்த அந்த ஆண்டுகளைக் கண்டவர்கள், பிறகு கிடைத்த ஒரு பிடி சீனியைப் பொன்னாக மதித்தனர்.

இவ்வளவும் அறிந்தபின் இன்றைய தாய்மாருக்கு ஒன்று சொல்வோம். பிறந்தநாள் பண்டத்திற்கு நல்ல நேரம் பார்க்க வேண்டியதில்லை. காற்றின் ஈரத்தைப் பார்த்தாலே போதும். கேக்கை முற்றிலும் ஆறவிட்ட பிறகே மூடுக. சூட்டோடு மூடினால் ஆவி நீராகிப் பூஞ்சைக்கு வழிவிடும். காற்றுப் புகாத பெட்டியில் வெறுங்கேக்காக வைத்தால் இரண்டு நாள் நன்றாயிருக்கும். குளிர்ப்பெட்டியின் சாதாரணத் தட்டில் வைத்தால் விரைவில் வறண்டு போகும். உறைநிலைப் பகுதியிலோ இறுகச் சுற்றி வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும். பூனைக்குக் காதும் மீசையும் விருந்து நாளன்று வைத்தால் போதும்; முன்னரே வைத்தால் இக்கடற்கரைக் காற்றில் சீனிப்பூச்சு வியர்த்து ஒழுகும். முன்கூட்டிச் செய்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. கடன் வாங்கிக் கடையில் பெரிய கேக்கு வாங்கும் ஆடம்பரம் தவிரும். சிறு கேக்கை வெட்டிப் பங்கிட வேண்டியதில்லை. கிராணி மகனுக்கும் பால்வெட்டுத் தொழிலாளி மகளுக்கும் ஒரே அளவு.

தோட்டக் கணக்கு எழுதும் நாம் அறிந்த உண்மை ஒன்று உண்டு. முதியோர் பலருக்குத் தம் பிறந்த தேதி தெரியாது. வெள்ளம் வந்த வருஷம் என்பார்கள்; ஜப்பான்காரன் வருமுன் என்பார்கள். முதலாளிக்கு அவர்கள் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்பது தெரிய வேண்டியிருந்தது. எந்த நாளில் பிறந்தார்கள் என்பது வேண்டியிருக்கவில்லை. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைக்கு, ஆணாயினும் பெண்ணாயினும், ஒரு நாள் உண்டு. அந்த நாளுக்கென்று இரவே சுட்டு வைத்த ஒரு தகரப் பெட்டியும் உண்டு. இதைக் கண்மூடித்தனமான மேனாட்டு நாகரிகம் என்று ஒதுக்குவது நியாயமன்று. கரும்பு வெட்டியவன் குடும்பத்திற்குச் சேர வேண்டிய இனிப்பு, தாமதமாகவேனும் வந்து சேர்ந்திருக்கிறது. குழந்தைக்கு அதைக் கொடுக்கும்போது, அந்தச் சீனியின் கதையையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்போமாக.