காப்பிக்கடையும் துணிக்கிடங்கும்: லைப்சிக் நகரின் கச்சேரி மேடைகள்

கச்சேரி நடத்துகிறவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் போதும்; அங்கே என்ன வாசிக்கப்படும், எவ்வளவு நேரம் வாசிக்கப்படும், கேட்பவர் எப்படி உட்கார்ந்திருப்பார் என்பதில் பாதியைச் சொல்லிவிடலாம். இதற்கு ஜெர்மனியின் லைப்சிக்கைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்த ஊரின் மக்கள்தொகை ஏறத்தாழ 30,000. அரசவை டிரெஸ்டனில் இருந்தது. லைப்சிக்கின் கையிருப்பு ஒரு பல்கலைக்கழகம், ஆண்டுக்கு மூன்று பெருஞ்சந்தைகள், காசுள்ள வணிகர்கள். (கிரால் பாதிரியார் திருக்குறளை ஜெர்மனிலும் இலத்தீனிலும் பெயர்த்து வெளியிட்டதும் இங்கேதான் என்பதால், தமிழருக்கு அவ்வளவு அந்நியமான ஊரல்ல.) சந்தைக் கூட்டத்தை நம்பி 1693இல் ஓர் ஆப்பெரா அரங்கைத் திறந்தார்கள், 1720இல் அது மூடப்பட்டது.

அதன்பின் ஊருக்கு இசை கிடைத்த இடங்களில் முதன்மையானது தேவாலயம். யோஹான் செபாஸ்டியன் பாக் 1723 முதல் 1750இல் இறக்கும்வரை புனித தோமா ஆலயப் பள்ளியின் இசைப் பொறுப்பாளர். சம்பளம் நகர மன்றத்துடையது; எனவே நிபந்தனையும் மன்றத்துடையதுதான். ஆலய இசை அளவுக்கு மீறி நீளாது, ஆப்பெரா வாடை அடிக்காது, பக்தியைத் தூண்டும் என்று பணியேற்கும்போதே அவர் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. 1730இல் மன்றத்துக்கு எழுதிய மனுவில் ஆள் பற்றாக்குறையைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்: சம்பளப் பட்டியலில் இருந்த வாத்தியக்காரர்கள் எட்டே பேர், அவர்களிலும் ஒருவர் பயிற்சிப் பையன். அதே ஆண்டு பழைய நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதம் இன்னும் சுவையானது. ஊரில் நல்ல காற்று வீசியதால் சாவு குறைந்துபோய், இறுதிச் சடங்கு இசையில் வரவேண்டிய வரும்படியில் முந்தைய ஆண்டு 100 தாலருக்குமேல் நஷ்டம் என்று அங்கலாய்க்கிறார். மகா கலைஞரும் மாதக் கடைசியில் மனிதர்தானே.

1729இல் பாக் இன்னொரு பொறுப்பையும் ஏற்றார். கல்லூரி மாணவர்களைத் திரட்டி இசையமைப்பாளர் டெலமான் 1702இல் தொடங்கிய கொலேஜியம் மூசிக்கும் என்ற குழு, கதரீனா வீதியில் கோட்ஃப்ரீட் சிம்மர்மான் நடத்திய காப்பிக்கடையில் வாசித்துவந்தது. குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமை இரவு எட்டு முதல் பத்து வரை. கோடையில் புதன்கிழமை மாலை நான்கு முதல் ஆறு வரை, நகர வாசலுக்கு வெளியே அவருடைய தோட்டத்தில். சந்தை நடக்கும் நாட்களில் வாரம் இருமுறை. கெர்னர் என்பவரின் போட்டிக் குழு வேறொரு கூடத்தில் வியாழக்கிழமை வாசித்தது. ரசிகர்களைப் பங்கு போட்டுக்கொள்ளாமல் நாளைப் பங்கு போட்டுக்கொண்ட அந்த நாகரிகம் எனக்குப் பிடித்திருக்கிறது.

சிம்மர்மானின் லாபம் காப்பியில் இருந்தது. நம் சபாக்களில் காண்டீன் கச்சேரியை ஒட்டி வாழ்கிறது. அங்கே கச்சேரி காண்டீனை ஒட்டி வாழ்ந்தது. இதில் கலைஞருக்கு ஒரு வசதி உண்டு. காப்பி விற்கிறவருக்குப் பக்தியும் வேண்டாம், சாஸ்திரமும் வேண்டாம். ஆள் வந்து உட்கார்ந்தால் போதும். மன்னர் இறந்த துக்கம் முடிந்து 1733 ஜூனில் தோட்டக் கச்சேரி மீண்டும் தொடங்கியபோது, இந்த ஊர் இதுவரை கேட்டிராத ஒரு புது ஹார்ப்சிகார்டு வந்திருப்பதாகச் செய்தித்தாளில் விளம்பரம் வந்தது. பாக்கின் ஹார்ப்சிகார்டு கான்செர்ட்டோக்கள் பல இங்கே வாசிக்கப்பட்டவை என்பது ஆய்வாளர் கருத்து. மகளின் காப்பிப் பழக்கத்தை ஒழிக்கப் படாதபாடு படும் தகப்பனைக் கேலிசெய்யும் ‘காப்பி கான்டாட்டா’வும் இந்தக் காலத்ததுதான். ஆலயத்தில் அனுமதி கிடைத்திருக்காத சங்கதி. கடைக்காரருக்கோ இதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது.

பலவீனமும் அதே இடத்தில்தான். தனிமனிதரின் கடை அவரோடு முடிகிறது. 1741இல் சிம்மர்மான் இறந்தார். பாக்கும் ஏறக்குறைய அப்போதே குழுவை விட்டு விலகிவிட்டார்.

ஒருவரை நம்பாமல் பலர் சேர்ந்து பணம் போடும் வழி அடுத்து வந்தது. 1743 மார்ச்சில் பிரபுக்களும் வணிகர்களுமாகப் பதினாறு பேர், ஆளுக்கு ஆண்டுக்கு 20 தாலர் சந்தா போட்டுப் பதினாறு வாத்தியக்காரர்களை அமர்த்தினார்கள். முதலில் வீடுகளில் வாசிப்பு. பிறகு ‘மூன்று அன்னங்கள்’ என்ற விடுதியில். 1781இல் துணி வணிகர்களின் கிடங்குக் கட்டடத்தில் சுமார் 500 பேர் கொள்ளும் கூடம் அமைத்துக் குடியேறினார்கள். அதுதான் கெவாண்ட்ஹவுஸ். அங்கே இருக்கை அமைப்பே விசித்திரம்: மேடையை நோக்கி வரிசைகள் இல்லை. நீளவாட்டில் இரு பக்கமும் போட்டிருந்தார்கள். ஒரு பாதி ரசிகர் மறுபாதி ரசிகரின் முகத்தைப் பார்த்தபடி கேட்டார்கள். கொட்டாவி விட்டால் ஊருக்கே தெரியும். மேடைக்கு மேலே, மகிழ்ச்சி என்பது லேசான விஷயமல்ல என்ற பொருளில் செனெகாவின் இலத்தீன் வாசகம் வேறு. காப்பிக்கடையின் சளசளப்பு அடங்கி, மௌனமாகக் கேட்கும் பழக்கம் ஊன்றியது இத்தகைய கூடங்களில்தான்.

சந்தாக்காரர்களால் வந்த நன்மை பெரிது. 1835இல் இசையமைப்பாளர் மெண்டல்சோன் கெவாண்ட்ஹவுஸ் குழுவின் பொறுப்பேற்றபின், ஷூபர்ட் இறந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, அவருடைய பெரிய சி மேஜர் சிம்பொனி 1839இல் இங்கேதான் முதன்முதலாக ஒலித்தது. நிலையான வருமானமும் நிலையான குழுவும் இல்லாமல் அவ்வளவு நீண்ட படைப்பை எந்தக் காப்பிக்கடைக்காரர் துணிந்து ஏற்றிருப்பார்?

ஆனால் சந்தா கட்டியவர்க்கு ரசனையும் தமது சொத்து என்ற நினைப்பு வந்துவிடுகிறது. அதனால் ஊருக்கு இன்னொரு மேடை தேவைப்பட்டது. 1824இல் தோன்றிய எவுட்டெர்பே சங்கம் தையற்காரர் விடுதியில் கச்சேரி நடத்தியது. அவ்வூரிலேயே பிறந்த பத்தொன்பது வயது வாக்னரின் சிம்பொனியை லைப்சிக் முதலில் கேட்டது 1832 டிசம்பரில் அங்கேதான், கெவாண்ட்ஹவுஸில் அடுத்த மாதம். 1859 ஜனவரியில் இளம் பிராம்ஸ் தம் முதல் பியானோ கான்செர்ட்டோவைக் கெவாண்ட்ஹவுஸில் வாசித்தபோது, கைதட்ட முயன்ற சிலரை மற்றவர்கள் சீறி அடக்கினார்கள். அதே பிராம்ஸின் வயலின் கான்செர்ட்டோ 1879 புத்தாண்டு நாளில் அதே கூடத்தில் அரங்கேறியது. அதற்குள் பிராம்ஸ் புகழ் பெற்றுவிட்டிருந்தார்.