ஊர் மாறிய நிரல்

ஒரு கணிப்பொறிக்கென எழுதிய நிரல் அப்பொறியோடு பிறந்து அப்பொறியோடே மறைவதுதான் முற்காலத்து வழக்கம். புதிய பொறி வாங்கியவர் நிரலையும் புதிதாக எழுத வேண்டும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி ஆக்கிய சி மொழியும், 1973-இல் அம்மொழியில் திருப்பி எழுதப்பெற்ற யூனிக்ஸ் இயக்கமுறையும் இத்தளையை அறுத்தன என்பர். ஆனால் தொடக்கத்தில் அவையும் பிடிபி-11 என்ற ஒரு பொறியின் மடியிலேயே வளர்ந்தவை.

1977-இல் ரிட்சியும் ஸ்டீபன் ஜான்சனும் யூனிக்ஸை இன்டர்டேட்டா 8/32 என்ற பொறிக்குக் கொண்டு செல்லத் தொடங்கினர். ஊர்விட்டு ஊர் வந்து குடியேறிய நமக்கு அவர்கள் பட்ட பாடு எளிதில் விளங்கும். பழைய வீட்டுச் சுவருக்கு அளவெடுத்துச் செய்த அலமாரி, புது வீட்டில் நிற்க மறுக்கிறதல்லவா?

நினைவகம் பைட்டு எனும் சிற்றறைகளின் வரிசை. ஓர் எழுத்தும் அதையடுத்து ஒரு முழுவெண்ணும் கொண்ட அமைப்பொன்றை நிரலில் அறிவிப்பதாகக் கொள்வோம். பிடிபி-11-இல் முழுவெண்ணுக்கு 2 அறைகள். அது இரட்டைப்படை எண்ணுள்ள அறையில்தான் தொடங்க வேண்டும். ஆகவே எழுத்துக்குப் பின் ஓர் அறை வெறுமையாய்க் கிடக்க, மொத்தம் 4. இன்டர்டேட்டாவிலோ முழுவெண்ணுக்கு 4 அறைகள். தொடங்கும் அறையின் எண்ணும் நான்கின் மடங்காதல் வேண்டும். வெற்றறை 3, மொத்தம் 8. நிரலில் ஓரெழுத்தும் மாறவில்லை, அமைப்பு இருமடங்காயிற்று! அளவு நான்கென்று கையால் எழுதி வைத்தவரின் நிரல் தடுமாறும். 'சைஸ்ஆஃப்' என்ற சொல்லால் மொழியையே அளவு கேட்டவரின் நிரல் பிழைக்கும்.

அறைகளை நிரப்பும் வரிசையும் மாறிற்று. 4-3 என்று நாம் எழுதினால் மார்ச் நான்கு. அமெரிக்கர் அதை ஏப்ரல் மூன்று என்பர். அதுபோலவே, பிடிபி-11 ஓர் எண்ணின் சிறு பகுதியை முதலில் வைக்கும். இன்டர்டேட்டா பெரும் பகுதியை முதலில் வைக்கும். ஒன்று 258 என எழுதிய இரண்டு அறைகளை மற்றொன்று 513 எனப் படிக்கும். 'யூனிக்ஸ்' என்பதன் நான்கு ஆங்கில எழுத்துகள் இரண்டிரண்டாய் இடம் மாறினால் 'நக்ஸி' ஆகிவிடும். இச்சிக்கலுக்கே அப்பெயர் நிலைத்துவிட்டது. 1980-இல் டானி கோஹன், முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று கலிவரின் பயணக் கதையில் வரும் சண்டையை நினைத்து, இரு கட்சியாருக்கும் பெருமுனையார், சிறுமுனையார் என்று பெயரிட்டார். நல்ல குறும்பு!

1989-இல் வந்த அமெரிக்கத் தரம் உறுப்புகளின் வரிசையை மட்டும் உறுதி செய்து, இடைவெளியை அந்தந்தப் பொறியின் தொகுப்பிக்கே விட்டுவிட்டது. ஆகையால் வேறொரு பொறிக்குச் செய்தி அனுப்புகையில், விழிப்புள்ள நிரலர் அமைப்பை அப்படியே தூக்கி அனுப்பாமல், முன்பே ஒப்புக்கொண்ட வரிசையில் ஒவ்வொரு பைட்டாக எழுதி அனுப்புகின்றனர்.