மீண்டெழுந்த கல்லறை

நெதர்லாந்தின் வடகிழக்கே, ட்ரெந்தே மாநிலத்தில் ஹாவெல்ட்டே என்னும் சிற்றூர் உள்ளது. அதனையடுத்து, ஊதாப் பூப்பூக்கும் குறுஞ்செடிகள் மண்டிய வெளி இன்று பாதுகாக்கப்பட்ட இயற்கை நிலம். அங்கே ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட இரு கல்லறைகள் உள்ளன. பனியூழிக் காலத்தில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து பனியாறுகள் இழுத்துவந்த பெருங்கற்களை நிறுத்தி, மூடுகற்களை ஏற்றி, மேலே மண்மேடிட்டனர் புதிய கற்கால உழவர். அமிலத் தன்மையுடைய மணல் எலும்புகளைக் கரைத்துவிட்டது. உடன் வைத்த மட்கலங்களே பெரிதும் எஞ்சின.

இத்தகைய கல்லறைகளுக்கு இடர் புதிதன்று. 1730களில் கப்பற்புழு கடலணைகளின் மரக்கட்டுகளைத் துளைத்தது. அணைகளைக் காக்கக் கல் தேவைப்படவே, மக்கள் இவற்றின்மீது கண்வைத்தனர். ட்ரெந்தே ஆட்சியினர் 1734இல் கற்களை அகற்றுவதற்குத் தடை விதித்தனர். ஐரோப்பாவின் மிகப் பழைய தொல்லியற் பாதுகாப்புச் சட்டங்களுள் இஃதொன்று.

சட்டம் தடுத்ததைப் போர் செய்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியப் படையினர் அங்கே விமானத் தளம் அமைத்தனர். பெரிய கல்லறையைப் பெயர்த்து, கற்களைக் குழியிலிட்டு மூடினர். இறந்தோரின் இல்லத்துக்கே புதைகுழி வெட்டப்பட்டது!

ஆயினும், 1918இல் அதனை அகழ்ந்தாய்ந்த அறிஞர் வான் கிஃபன் அதன் அமைப்பைத் துல்லியமாக வரைந்து வைத்திருந்தார். போருக்குப் பின் கற்கள் தோண்டியெடுக்கப்பட்டு, அவ்வரைபடங்களின் துணையால் பழைய இடத்திலேயே மீண்டும் நிறுத்தப்பட்டன.

முன்னோர் நினைவைக் காக்கச் சட்டம் வேண்டும். சட்டம் தோற்கும் நாளில் கைகொடுக்க, பொறுமையுடன் எழுதிவைத்த குறிப்பும் வேண்டும்.